ஸ்போர்ட்ஸ் காருக்கு மேட் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆக்சஸரி கடையில் காரின் தரையில் போடும் மேட் கேட்டால் கடைக்காரர் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திக் காட்டுவார். "எவ்வளவு கனம் பாருங்க சார், காரை விக்கிற வரைக்கும் உழைக்கும்." குடும்பக் காருக்கு இந்தப் பேச்சு ஓரளவு எடுபடலாம். மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி கூரை திறக்கும், இரண்டே இருக்கை கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு இதை நம்பினால் வம்புதான். அந்தக் காரில் கால் வைக்கும் இடமே குறுகல். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றும் நெருக்கி இருக்கும். இருக்கை தாழ்வு என்பதால் காலை நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றித்தான் ஓட்ட வேண்டும். மேட் அரை அங்குலம் உயர்ந்தாலும் காலுக்குத் தெரிந்துவிடும்.

கனத்தைப் பார்த்து ஏமாறுவதுதான் பலரும் செய்யும் தவறு. 7டி என்ற பெயரில் விற்கும் டைமண்ட் தையல் மேட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் கனம் பெரும்பாலும் நடுவில் உள்ள ஃபோமால் வருவது. குதிகால் ஒரே இடத்தில் ஊன்றி இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருப்பதால், முதலில் அந்த இடத்தில் ஃபோம் அமுங்கிப் பள்ளம் விழும். அப்புறம் தையல் ஓரமாக மேல்தோல் கிழியும். பிரேக்கை மிதித்தபடியே அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக் கியர் குறைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால், உங்கள் மேட் இன்னும் சீக்கிரமே தேயும். மேட்டின் மற்ற பகுதி புதுசு போலவே இருக்க, உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை மட்டும் விழுந்திருக்கும். ஆகவே கடையில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது குதிகால் படும் இடத்தை. அங்கே தனியாக ஒரு ரப்பர் பட்டை இருக்கிறதா? இருந்தால், அது மேட்டோடு உருக்கி ஒட்டியதா, வெறும் பசையா? அதன் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். பசை என்றால் கிளம்பும்.

எம்எக்ஸ்-5இல் இன்னொரு விஷயம் உண்டு. 2015இல் வந்த என்டி தலைமுறையில் ஆக்சிலரேட்டர் மேலிருந்து தொங்காது, தரையில் கீல் வைத்து நிற்கும். போர்ஷே 911இன் பழைய, காற்றால் குளிரும் எஞ்சின் மாடல்களிலும் பெடல்கள் இப்படித்தான். இந்த மாதிரிப் பெடல் உள்ள காருக்கு மேட்டில் அந்தக் கீலைச் சுற்றிச் சரியான வெட்டு இருந்தாக வேண்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டால், வெட்டிய ஓரம் நாளடைவில் சுருண்டு கீலுக்கு அடியில் நுழையும். ஓரம் சரியாக இருந்தாலும் செருப்பில் வரும் சின்னக் கற்கள் அங்கேதான் சேரும். வாரம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுவது நல்லது.

சரி, பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது அங்கேயே நிற்குமா? 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் இஎஸ் 350 விபத்துக்குள்ளாகி, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். டீலர் தற்காலிகமாகக் கொடுத்திருந்த கார் அது. அதில் கிடந்ததோ லெக்சஸின் இன்னொரு மாடலான ஆர்எக்ஸுக்கான ரப்பர் மேட். கொக்கியிலும் மாட்டாமல் விட்டிருந்தார்கள். ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் லெக்சஸின் தாய் நிறுவனமான டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. பெடலின் அடிப்பகுதியையே வெட்டிக் குறைக்கும் அளவுக்கு விஷயம் போனது. அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான். ஆனால் அந்த மேட் மட்டமான சரக்கும் இல்லை. எல்லாப் பருவத்துக்கும் என்று செய்த உறுதியான ரப்பர். பெடலைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு உறுதி.

அதனால் கார் நிறுவனம் தரையில் வைத்திருக்கும் கொக்கியில் மாட்ட ஓட்டை இல்லாத மேட் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஓட்டுநர் பக்கத்துக்கு வேண்டாம். அடியில் வெல்க்ரோ இருக்கிறதே என்பார்கள். கார்ப்பெட்டின் பஞ்சு ஏறியதும் வெல்க்ரோ பிடிப்பு விட்டுவிடும். மாட்டி முடித்ததும் எஞ்சினை அணைத்த நிலையில் மேட்டைக் கையால் முடிந்த மட்டும் முன்னால் தள்ளுங்கள். பிறகு மூன்று பெடல்களையும் தரை வரை மிதித்து விடுங்கள். ஆக்சிலரேட்டர் தயங்காமல் மேலே வர வேண்டும். கிளட்ச் முழுசாக இறங்க வேண்டும். கிளட்ச் முழுசாக இறங்காத காரில் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வரும். கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் மேட்டை உருவிப் பாருங்கள்.

ஓடும்போது பெடல் சிக்கிவிட்டால் குனிந்து மேட்டை இழுக்கப் போகாதீர்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், காலை எடுக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, கிளட்சை மிதித்து அல்லது நியூட்ரலுக்கு மாற்றி, ஓரம் கட்டுங்கள். த்ராட்டில், அதாவது எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு, முழுசாகத் திறந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் குறைந்துபோகும். விட்டு விட்டு மிதித்தால் மிச்சமிருப்பதும் காலியாகிவிடும்.

நல்ல மேட் அழுக்காகக் கூடாது என்று அதன்மேல் இன்னொரு மேட் போடுகிறவர்கள் நிறையப் பேர். மேலே போட்டது எந்தக் கொக்கியிலும் மாட்டாது, எனவே நகரும். சர்வீஸ் முடிந்து வரும்போது விரித்திருக்கும் காகிதமும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தபின் எடுக்கலாம் என்று இல்லாமல், வண்டியை எடுக்கும் முன்பே உருவிவிடுங்கள்.

பொருள் என்று பார்த்தால், மலிவான பிவிசி வெயிலில் நிறுத்திய காரில் நாற்றமடிக்கும், கண்ணாடியில் உள்பக்கம் மெல்லிய படலம் கட்டும், சில வருடங்களில் விறைத்துப்போய் ஓரம் தூக்கும். டிபிஇ என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் வளையும் தன்மை போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேட்டின் மேல் உள்ள வரிவரியான மேடுகள் உயரமாக இருந்தால் மெல்லிய அடி உள்ள ஷூவில் குதிகால் தட்டும். மழை அதிகம் இல்லாத ஊரில், அடியில் ரப்பர் பூசி, குதிகால் பட்டை வைத்த நைலான் கார்ப்பெட் மேட்டே என் தேர்வு. காலுக்கு இதமாகவும் இருக்கும், பிடிப்பும் இருக்கும்.

கூரை திறக்கும் காரில் தண்ணீரைத் தேக்கும் தட்டு மாதிரி மேட் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது இன்னொரு தவறு. மேலிருந்து விழும் தண்ணீரை அது பிடிக்கும். எம்எக்ஸ்-5இல் இருக்கைக்குப் பின்னால் உள்ள வடிகால் குழாய் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே வந்து கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். மேலே மூடிக் கிடக்கும் மேட் அதைக் காயவும் விடாது, கண்ணில் காட்டவும் செய்யாது. துரு பிடித்த பிறகுதான் விஷயம் தெரியவரும். மழைக்காலத்தில் மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள்.

கழுவியபின் டயருக்குப் பூசும் சிலிக்கான் பாலிஷை மேட்டிலும் தடவிப் பளபளக்க வைப்பார்கள் சில வாட்டர் வாஷ் பையன்கள். அடுத்த நாள் குதிகால் வழுக்கும், ஷூவில் ஒட்டும் வழுக்கல் பெடலுக்கும் பரவும். சோப்புத் தண்ணீர் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து ஆர்டர் போடுங்கள். அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது இடப்பக்க ஸ்டீயரிங்குக்கானது. நம்மூர், இலங்கை, மலேசியக் காரில் அது உட்காராது. தலைமுறையையும் குறிப்பிட வேண்டும், எம்எக்ஸ்-5இன் முந்தைய தலைமுறையான என்சிக்கு வெட்டியதை என்டியில் போட முடியாது. ஓட்டுநர் பக்க மேட் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். தேய்வது அது ஒன்றுதான், முழு செட்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.