‘தி டிவைன் ஆர்டர்’ படத்தைத் தமிழ்க் கூட்டத்துக்குத் திரையிடுவது எப்படி

சுவிட்சர்லாந்தில் கூட்டாட்சித் தேர்தல்களில் ஓட்டுப் போடும் உரிமை பெண்களுக்கு 1971 ஓட்டெடுப்பில்தான் கிடைத்தது. அந்த ஓட்டெடுப்பை அப்பென்செல் பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து பார்க்கிறது பெத்ரா வோல்பே இயக்கிய இந்த 2017 படம். 96 நிமிடம், பேச்சு சுவிஸ் ஜெர்மன். நகைச்சுவை நிறைய உண்டு. பின்னணி தெரியாத கூட்டமோ சிரிக்க வேண்டிய இடத்தில் விழிக்கும்.

உரிமத்தை முதலில் முடியுங்கள். உங்கள் ஓடிடி சந்தாவோ வாங்கிய டிஸ்க்கோ வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். நுழைவு இலவசம் என்றாலும் பொதுத் திரையிடலுக்கு விநியோகஸ்தரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். ஹாலை இரண்டரை மணி நேரத்துக்குப் பிடியுங்கள்: முன்னுரை 5 நிமிடம், படம், பிறகு பேச்சு.

அதிக நேரம் தின்பது தமிழ் சப்டைட்டில்தான். ஒரு வரிக்கு ஐந்தாறு சொல், ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நகைச்சுவை வசனத்தில் சிரிப்பு வெடிக்கும் சொல்லைத் தனியாகப் பிரித்து அடுத்த சப்டைட்டிலில் போடுங்கள். மொத்தமாகக் காட்டினால் நடிகர் வாய் திறக்குமுன்பே ஹால் சிரித்து முடித்துவிடும். இன்னொன்று, ஆங்கில சப்டைட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுபவர்கள் கதாநாயகி நோராவை, பழக்கதோஷத்தில், கணவன் ஹான்ஸிடம் ‘நீங்க’ என்று பேச வைத்துவிடுவார்கள். அங்கே கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஒருமையில்தான் அழைப்பார்கள். ‘நீ’ என்றே போடுங்கள். வீட்டில் சரிசமமாகப் பேசுகிறவள் வேலைக்குப் போக அவனிடம் அனுமதி கேட்டு நிற்கிறாள் என்பதுதான் காட்சியின் உறுத்தல். ‘நீங்க’ போட்டால் அது மழுங்கிவிடும்.

சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். திரையில் கட்டங்கள் தெரிந்தால் பிளேயருக்குத் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா யுஐ தேர்ந்தெடுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டினால் அந்த பிளேயருக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை, வேறு பிளேயர்தான் வழி. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் பிரேம் வேகம் பொருந்தவில்லை: படம் நொடிக்கு 25 பிரேம், சப்டைட்டில் 23.976 என்றால் முடிவில் நான்கு நிமிடம் தள்ளிப் போயிருக்கும். மொத்தமாக முன்பின் நகர்த்திப் பயனில்லை, வேகத்தையே மாற்ற வேண்டும். முதல் நாளே அதே லேப்டாப், அதே புரொஜெக்டரில் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள்.

முன்னுரையில் இரண்டே செய்தி போதும். 1959-இல் இதே கேள்வி ஓட்டுக்கு வந்தபோது சுமார் 67 சதவீத ஆண்கள் வேண்டாம் என்றார்கள்; பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று முடிவு செய்ய ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. அடுத்து, மனைவி வேலைக்குப் போவதைத் தடுக்கக் கணவனுக்குச் சட்டமே இடம் கொடுத்தது; அதை மாற்றிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1988-இல். முதல் அரை மணி நேரச் சிரிப்பு பெரும்பாலும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. கதையைச் சொல்ல வேண்டாம்.

சூரிச் நகரப் பயிற்சிப் பட்டறைக் காட்சியில் பெண்கள் கைக்கண்ணாடி வைத்துத் தங்கள் உடலைத் தெரிந்துகொள்கிறார்கள். அறிவிப்பிலேயே ‘பெரியவர்களுக்கு’ என்று போட்டுவிடுங்கள். அந்தக் காட்சியை வெட்டக் கூடாது. உரிமமும் இடம் தராது, நோராவின் மாற்றமும் புரியாமல் போகும்.

பேச்சின்போது “நம்மூரில் எப்போது?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சென்னை மாகாணத்தில் 1921-இல், சொத்துத் தகுதியோடு. இலங்கையில் 1931-இல், வயதுவந்த எல்லோருக்கும்.

ஒரு தகவலை மட்டும் படம் முடியும்வரை கையில் வைத்திருங்கள். 1971 பிப்ரவரி 7 அன்று 65.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஆனால் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலம் தன் உள்ளூர் ஓட்டில் பெண்களைச் சேர்க்க மறுத்துக்கொண்டே இருந்தது. 1990-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே வழி திறந்தது. இதை முன்பே சொன்னால் படத்தின் கடைசிக் காட்சிகள் சப்பென்றாகிவிடும். பின்னால் சொன்னால் விவாதம் தானாகத் தொடங்கும். மைக்கைச் சுற்ற விட்டால் போதும்.