1996–2006 இலங்கையில் பிறந்தவரின் சாதகத்துக்குச் சரியான நேரம் எடுப்பது எப்படி?

1996 முதல் 2006 வரை வடக்கு கிழக்கில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கலியாணப் பேச்சு நடக்கும் வயது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு சாதக மென்பொருளில் பிறந்த தேதி, நேரம், "முல்லைத்தீவு" என்று தட்டினால் உடனே கட்டம் வந்துவிடும். அந்தக் கட்டம் அரை மணி நேரம் பிசகியதாக இருக்கலாம். அந்தப் பத்து ஆண்டுகளும் இலங்கைக்குள் இரண்டு நேரம் ஓடியது மென்பொருளுக்குத் தெரியாது. சாதகத்தை நம்புவதா இல்லையா என்பது வேறு பேச்சு. பார்ப்பதென்று முடிவெடுத்தால் நேரத்தையாவது ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்.

இதற்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

படி 1: தேதி எந்தக் காலத்தில் விழுகிறது என்று பாருங்கள்

1996-இல் மழை பொய்த்து நீர்மின் நீர்த்தேக்கங்கள் வற்றின. நாடு முழுக்க மின்வெட்டு. மாலையில் விளக்குப் போடும் நேரத்தைக் குறைக்க அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. அதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் இவை:

- 1996 மே 25 வரை: கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் கூட. இந்திய நேரமும் இதுவே.
- 1996 மே 25 முதல் ஒக்டோபர் 26 வரை: 6 மணி 30 நிமிடம் கூட.
- 1996 ஒக்டோபர் 26 முதல் 2006 ஏப்ரல் 15 வரை: 6 மணி கூட.
- 2006 ஏப்ரல் 15-க்குப் பிறகு: மறுபடியும் 5 மணி 30 நிமிடம்.

பலர் தவறவிடுவது இரண்டாவது வரியை. "அப்போது அரை மணி வித்தியாசம்" என்று பொதுவாகச் சொல்வார்கள். 1996-இன் அந்த ஐந்து மாதங்களில் வித்தியாசம் முழுசாக ஒரு மணி நேரம். ஆவணி மாதத்துப் பிள்ளையென்றால் இது பெரிய விஷயம்.

மாற்றம் நடந்த இரவுகளில் பிறந்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். 1996 மே 25 நள்ளிரவு 12 மணி அடித்ததும் மணிக்கூடு 1 மணிக்குத் தாவியது. இடைப்பட்ட ஒரு மணி நேரம் கொழும்புக் கணக்கில் இல்லவே இல்லை. மற்ற இரண்டு இரவுகளிலும் 12:30 ஆனதும் திரும்ப 12 மணி ஆக்கினார்கள். ஆகவே 12:10 என்ற நேரம் அன்றிரவு இரண்டு தடவை வந்தது.

படி 2: பிறந்த இடம் அன்று யார் கையில் இருந்தது?

விடுதலைப் புலிகள் இந்த மாற்றம் எதையும் ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதியில் 5:30 கணக்கே பத்து ஆண்டும் தொடர்ந்தது. சனங்கள் அதைப் "பழைய நேரம்" என்றார்கள். அரசாங்கத்தின் நேரம் "புதிய நேரம்". 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 வீதியில் ஓமந்தையைத் தாண்டி வடக்கே போனால் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு வைக்க வேண்டும். முகமாலை தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் போனால் திரும்பவும் முன்னுக்கு.

மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், தேதியும் வேண்டும். யாழ்ப்பாணம் 1996 மே மாதத்துக்குள் இராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. அங்கே புதிய நேரம். வவுனியா நகரமும் அப்படியே. முல்லைத்தீவை 1996 யூலையில் புலிகள் பிடித்தார்கள். கிளிநொச்சிதான் கை மாறிக்கொண்டே இருந்தது: 1996 செப்டெம்பரில் இராணுவம், 1998 செப்டெம்பரில் திரும்பவும் புலிகள். "கிளிநொச்சிப் பிள்ளை, 1997" என்று யாராவது சொன்னால் உண்மையில் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். நகரத்துச் சனம் அப்போது இடம்பெயர்ந்து வன்னிக்குள் சிதறியிருந்தது. சொந்த ஊர் கிளிநொச்சியாக இருக்கும், பிறந்தது வேறெங்காவது இருக்கும்.

மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நகரம் அரசின் கையில், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில். இங்கே வரைபடத்தை நம்பாமல் நேராக அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

படி 3: வீட்டாரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"எத்தனை மணிக்குப் பிறந்தது?" என்று மட்டும் கேட்டால் ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று சேர்த்துக் கேளுங்கள். அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த அம்மம்மாக்கள் பெரும்பாலும் யோசிக்காமலே பதில் சொல்வார்கள். ஊரில் எழுதிய சாதகக் குறிப்பு இருந்தால் அதில் சாத்திரியார் நேரத்தின் பக்கத்தில் ஏதாவது குறித்திருக்கிறாரா என்று பாருங்கள். நேரம் எழுதியவர் தன் கைக்கடிகாரத்தை எந்தக் கணக்கில் வைத்திருந்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

படி 4: எல்லாவற்றையும் பழைய நேரத்துக்கு மாற்றுங்கள்

பழைய நேரமாகவே சொல்லியிருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். புதிய நேரமென்றால் 1996 மே–ஒக்டோபர் காலத்துக்கு ஒரு மணி நேரம் கழியுங்கள். அதற்குப் பிறகு 2006 ஏப்ரல் வரை அரை மணி நேரம். கழிக்கும்போது நள்ளிரவைத் தாண்டிப் பின்னுக்குப் போனால் தேதியும் ஒரு நாள் குறையும்.

படி 5: சூரியனை வைத்துச் சரிபாருங்கள்

வீட்டாருக்கு நிச்சயமில்லை என்றால் இந்தப் படிதான் கை கொடுக்கும். வன்னியில் பழைய நேரப்படி சூரியன் உதிப்பது, மாதத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 5:45-க்கும் 6:30-க்கும் இடையில். காலையிலோ மாலையிலோ பிறந்த பிள்ளையென்றால் வெளிச்சம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. புதுக்குடியிருப்பு, 2001 மார்ச் 12, காலை 6:35. அம்மாவுக்கு எந்த நேரம் என்று ஞாபகமில்லை, ஆனால் "யன்னலால் வெயில் விழுந்தது" என்கிறார். அன்று அங்கே சூரியன் உதித்தது பழைய நேரப்படி 6:16 வாக்கில். 6:35 என்பது புதிய நேரமாக இருந்தால் பழைய கணக்கில் 6:05, வெயிலுக்கு வழியில்லை. ஆகவே சொன்னது பழைய நேரம்.

இதே பிள்ளைக்கு மென்பொருள் என்ன செய்யும்? இலங்கை என்றதும் 6 மணிக் கணக்கை எடுத்து, 6:05-க்குப் பிறந்ததாக வைத்துக்கொள்ளும். அன்று சூரியன் கும்பத்தின் கடைசிப் பாகைகளில். 6:05-க்கு லக்கினம் (அந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி) கும்பம், 6:35-க்கு மீனம். ஆள் வேறு என்ற மாதிரித்தான்! எல்லாருக்கும் லக்கினம் மாறாது. ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடுவதால் நாலு பேரில் ஒருவருக்கு மாறலாம். நவாம்சம், அதாவது ராசியின் ஒன்பதில் ஒரு பங்கு, பதின்மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்பதால் லக்கின நவாம்சம் கட்டாயம் மாறிவிடும். நட்சத்திரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனால் தசை இருப்பு (பிறக்கும்போது நடக்கும் கிரக தசையில் மீதமுள்ள காலம்) நகரும்: பிறக்கும்போது சுக்கிர தசை என்றால் சுமார் ஐந்து மாதம்.

படி 6: மென்பொருளில் கொடுங்கள்

கணினிகள் பயன்படுத்தும் உலக நேரத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு "ஆசியா/கொழும்பு" என்ற ஒரே பதிவுதான். வன்னிக்குத் தனிப் பதிவு கிடையாது. ஆனால் அதைப் பராமரித்த பால் எகெர்ட் 2006-இல் அந்தக் கோப்பிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் உள்ளவர்கள் "ஆசியா/கொல்கத்தா"வைப் பயன்படுத்தலாம், இரண்டும் ஒத்துப்போகின்றன என்று. நாமும் அதையே செய்யலாம். நேர மண்டலம் என்ற இடத்தில் கொல்கத்தாவைத் தெரிவு செய்யுங்கள், அல்லது கையால் +5:30 என்று போடுங்கள். படி 4-இல் கிடைத்த பழைய நேரத்தைக் கொடுங்கள். ஊரை மட்டும் மாற்றாதீர்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் பிறந்த இடத்தினதாகவே இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் மண்டலத்தை மாற்றினால் ஊரையும் சேர்த்து மாற்றிவிடும், திரும்ப ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டம் வந்தபின் அச்சிடும் தாளில் "பழைய நேரம், +5:30" என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்ததாகப் பொருத்தம் பார்ப்பவர் பாவம், அவர் இன்னொரு தடவை அரை மணி கழிப்பார்.

தாத்தா பாட்டியின் சாதகம் எடுப்பவர்களுக்கு: இரண்டாம் உலகப் போரிலும் இலங்கை மணிக்கூடு முன்னுக்குப் போனது. 1942 ஜனவரி 5 முதல் அரை மணி, அதே ஆண்டு செப்டெம்பரிலிருந்து 1945 ஒக்டோபர் 16 வரை ஒரு மணி. அப்போது தீவு முழுக்க ஒரே நேரம்தான், ஆகவே படி 2 தேவையில்லை.