மெட்ரோ படங்களில் விழுந்த கறுப்புப் பட்டைகள்

சென்னை மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் ஏறி விம்கோ நகருக்கு வேலைக்குப் போகிறேன். 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் திறந்ததிலிருந்து, சக பயணிகளைக் கைப்பேசியில் படமெடுப்பது பழக்கமாகிவிட்டது. எத்தனை விதமான முகங்கள்! ஆனால் சுரங்க நிலையங்களில் எடுத்த படங்களின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தன. லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

குறை விளக்கொளிக்கும் ஷட்டருக்கும், அதாவது கேமரா ஒளியைப் பதியும் நேரத்துக்கும், இடையில் இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியின் சென்சாரோ படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. ஆட்கள் அசைந்தாலும் கலங்கக் கூடாது என்று நான் ஷட்டரை 1/500 விநாடியில் வைத்திருந்தேன். அதனால் சில வரிகள் வெளிச்சத்திலும் சில வரிகள் மங்கலிலும் பதிந்தன. 1/100க்கு மாற்றினேன், ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு ஒளிர்வு கிடைத்தது, பட்டைகள் மறைந்தன. இருட்டு அதிகமென்றால் 1/50.

அந்த மெதுவான வேகத்தில் கை நடுங்கினால் படம் கெடும். எனவே கம்பியில் முழங்கையை அண்டக்கொடுத்து, ரயில் நிற்கும்வரை காத்திருக்கிறேன். தண்டையார்பேட்டை தாண்டி மேலேறியதும் வெயில் பாயும். அங்கே தானியங்கி முறையே போதும்.

சென்ற வாரம் எதிரே ஓர் அம்மா. மடியில் நசுங்கிய தூக்குவாளி, விரலிடுக்கில் பூக்கட்டிய நார். கேட்காமல் யாரையும் நான் எடுப்பதில்லை.

“ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா அம்மா?”

முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எடுத்ததைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “கை நன்றாக விழுந்திருக்கிறது, தம்பி” என்றார்.