கடிதம் கொடுக்க முதல்: ஊர்ச் சங்கங்கள் சபையிடம் நிதி கேட்கும்போது விடும் தவறுகள்

ஐப்பசி மழை தொடங்கி நாலு நாள் ஆகியிருக்காது, எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அன்று இரவே சனசமூக நிலையத்தில் கூடி, "எமது வீதிக்கு வாய்க்கால் அமைத்துத் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு கடிதம் எழுதுவோம். செயலாளராக இருந்த காலத்தில் நானே மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் வேலை நடக்கவில்லை. பிரதேச சபையில் காசு இல்லை என்று நினைத்துக்கொண்டோம். அது பாதிதான் உண்மை. எங்கே, எத்தனை மீற்றர், யாருடைய காணி, யார் பொறுப்பு என்ற ஒன்றுமே அந்தக் கடிதங்களில் இருக்கவில்லை.

முதலில், வாசல் மாறிப் போவது. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல. சபை எங்கள் வாக்கில் தெரிவாவது. செயலகம் அரச நிர்வாகம். கிராம சேவையாளர் அதன் கீழ் வருகிறார். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் இருக்கின்றன. தெரு விளக்கு, உள் ஒழுங்கை, வடிகால், நூலகம், சிறுவர் பூங்கா, மயானம் எல்லாம் இவற்றின் வேலை. வீதி என்றாலே சபைதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. வயலுக்குத் தண்ணீர் பாயும் குளமென்றால் கமநலத் திணைக்களத்தையும் கேட்க வேண்டும்.

அடுத்தது காலம். சபையின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அடுத்த வருடத்துப் பாதீடு வருட முடிவுக்குள் தயாராகிவிடும். வெள்ளம் நிற்கும்போது கடிதம் கொடுத்தால் பாதீட்டு வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். மழையில் படத்தை எடுத்து வையுங்கள், கடிதத்தை அடுத்த ஆடி, ஆவணியில் கொடுங்கள். வட்டார உறுப்பினரிடம் வாயால் சொன்னது போதும் என்றும் இருக்க வேண்டாம். 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருந்தவர்கள் இடைப்பட்ட காலத்தில் யாரிடம் போய்க் கேட்பது? எழுத்தில் கொடுத்து, திகதி போட்ட பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

இனி நான் பெரிதாக நினைக்கும் விஷயம். நாலாவது தடவை எழுத முதல், ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஐந்து பேர் அளவு நாடாவோடு ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தோம். படலைக்கு வெளியே நின்ற ஓர் அம்மா கேட்டார்: "தம்பியவை, இஞ்சை என்னத்தை அளக்கிறியள்? தண்ணி கோயில் றோட்டாலையெல்லோ வருது." அவர் காட்டிய இடத்தில் போய்ப் பார்த்தோம். பழைய வாய்க்கால் ஒன்று அங்கே இருந்தது. இரண்டு வீட்டு வாசல்களில் வாகனம் ஏற்றுவதற்காகக் கொங்கிறீற் பலகை போட்டு, கீழே மண் அடைத்துப்போயிருந்தது. 180 மீற்றர் புது வாய்க்கால் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, அடைப்பை எடுத்து இரண்டு இடத்தில் குழாய் வைத்தாலே போதும் என்று தெரிந்தது. கொப்பித் தாளில் ஒரு வரைபடம் கீறி, அளவு எழுதி, இரண்டு வீட்டாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி இணைத்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு போட அது உதவியது. அளக்காமல் கேட்பவர்கள் அனேகமாகத் தேவைக்கு மேலேதான் கேட்கிறார்கள். சின்ன வேலைக்குச் சின்னத் தொகை கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

காணி விஷயத்தில் மிகக் கவனம் தேவை. "அவர் வாயால் தந்தவர்" என்பது போதாது. தந்தவர் காலமாகிவிட, பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, சிறுவர் பூங்காத் திட்டம் நின்றுபோன ஊர் எனக்குத் தெரியும். தனியார் காணியில் சபை பொதுக் காசைப் போட முடியாது. நன்கொடை உறுதி முடித்து, அதன் பிரதியை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அப்புறம் சங்கத்தின் வீட்டுவேலை. சனசமூக நிலையம் உள்ளூராட்சி மன்றத்தில் பதிவாகும், கிராம அபிவிருத்திச் சங்கம் செயலகத்தின் ஊடாகப் பதிவாகும். பதிவு நடப்பில் இருக்கிறதா, வருடாந்தப் பொதுக்கூட்டம் நடந்ததா, கூட்டறிக்கையில் இந்தத் திட்டம் தீர்மானமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் பொருளாளர் வெளிநாடு போய்விட்டால் உடனே ஆளை மாற்றுங்கள். காசு கணக்குக்கு வந்த பிறகு காசோலையில் கையெழுத்து வைக்க ஆளில்லாமல் தவிப்பது கொடுமை.

அனுமதி வர முதல் சீமெந்து வாங்கிவிடாதீர்கள். முன்னரே வாங்கிய பொருளுக்குப் பிறகு பணம் தருவது வழமையில்லை. சபை பெரும்பாலும் காசாகத் தராது. தானே வேலையைச் செய்யும், அல்லது சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, முடிந்த வேலையை அளந்து கொடுப்பனவு செய்யும். ஆகவே பற்றுச்சீட்டுகள் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் காசையும் சபைக் காசையும் ஒரே கொப்பியில் கலந்து எழுத வேண்டாம். சிரமதானத்துக்கு வந்தவர்களின் பெயரையும் குறித்து வையுங்கள், அதுவும் ஊரின் பங்குதான்.

பதில் வராவிட்டால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் யார் பராமரிப்பது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எங்கள் வாய்க்காலுக்குப் புரட்டாதி மூன்றாம் ஞாயிறு என்று நாள் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வருகிறார்கள். அந்த அம்மாவின் வீட்டிலிருந்து பிளேன்ரீ வரும்.