தடுமாறும் அணி, தவிக்கும் ரசிகர்: தீர்ப்புச் சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கால்பந்து அணி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மேனேஜரை உடனே அனுப்பு என்பது ஒன்று, இன்னும் ஆறு மாதம் கொடு என்பது இன்னொன்று. இரு தரப்பும் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் ஸ்கோரை மட்டும்தான். பொறுத்துப் போகலாமா கூடாதா என்பதற்கான விடை களத்திலேயே கிடக்கிறது, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால்.

முதலில் ஷாட் எண்ணிக்கை. “20 ஷாட் அடித்தோம், அதிர்ஷ்டம் இல்லை” என்ற ஆறுதலை நம்பிவிடாதீர்கள். எக்ஸ்ஜி எனப்படும் கணக்கு, ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்கிறது. பெனால்டிக்கு அது ஏறக்குறைய 0.76, அதாவது நான்கில் மூன்று. கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் பெட்டிக்கு வெளியிலிருந்து அடிக்கும் சாதாரண ஷாட்டுக்கு 0.03 அல்லது 0.04தான். அப்படிப்பட்ட 20 ஷாட்டைக் கூட்டினாலும் ஒரு பெனால்டியின் மதிப்பை ஒட்டித்தான் வரும். எதிரணி பெட்டியை அடைத்துக்கொண்டு நிற்க, வேறு வழியில்லாமல் தூரத்திலிருந்து உதைத்துக்கொண்டிருந்தோம் என்பதே அந்த 20க்குப் பொருள். மறுபுறம், ஆறே ஷாட் அடித்து அதில் நான்கு கோல்கீப்பருக்கு நேர் எதிரே கிடைத்திருந்தால், தோற்றாலும் அணி சரியான வழியில் போகிறது. ஆனால் இந்தக் கணக்கையும் ஓர் ஆட்டத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. எட்டு, பத்து ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் உருப்படியாக ஏதாவது தெரியும்.

அடுத்தது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம்: ஹை லைன். பின்கள வீரர்கள் மையக்கோட்டருகே வந்து நிற்க, பின்னால் போடப்பட்ட பந்தில் கோல் விழுந்தால், பழி முழுக்க பின்களத்தின் நடுவில் நிற்கும் சென்டர்பேக் தலையில் விழும். “ஓட முடியாதவனை ஏன் அங்கே நிறுத்தினாய்?” என்பார்கள். கோல் விழுந்த காட்சியை மூன்று விநாடி பின்னால் ஓட்டிப் பாருங்கள். பந்தை அனுப்பிய எதிரணி வீரர் தலையை நிமிர்த்தி, இடம் பார்த்து, நிதானமாக அனுப்பினாரா? அப்படியானால் தவறு முன்னாலேயே நடந்துவிட்டது. பந்து வைத்திருப்பவரை நெருக்க ஆள் இல்லாதபோது பின்வரிசை மேலேறி நிற்பது தற்கொலைக்குச் சமம். வரிசை கோலிலிருந்து 45 மீட்டரில் நிற்கிறது, கோல்கீப்பர் 20 மீட்டரில் நிற்கிறார் என்றால் நடுவே 25 மீட்டர் வெற்றிடம். முன்னோக்கி ஓடிவரும் ஸ்ட்ரைக்கர் விநாடிக்கு 8 மீட்டர் கடக்கிறார். பின்கள வீரர் உடம்பைத் திருப்ப அரை விநாடி எடுத்தால் 4 மீட்டர் போய்விட்டது. அதை எந்த வேகத்தாலும் ஈடுகட்ட முடியாது.

2023 நவம்பர் 6 அன்று இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் செல்சிக்கு எதிராக டாட்டன்ஹாம் இரண்டு சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேரோடு ஆடியது. அப்போதும் பின்வரிசை மையக்கோட்டருகே நின்றது. கோல்கீப்பர் திரும்பத் திரும்பப் பெட்டிக்கு வெளியே ஓடிவந்து பந்தை அடித்து விரட்டினார். 75ஆம் நிமிடம் வரை 1-1 என்று தாங்கியவர்கள் கடைசியில் 4-1 என்று தோற்றார்கள். துணிச்சலை மெச்சி அரங்கமே கைதட்டியது, அது நியாயமும்கூட. ஆனால் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு பந்தை நெருக்கவும் ஆள் வேண்டும், வரிசையை உயர்த்தவும் ஆள் வேண்டும் என்றால் நடக்காது. மேனேஜர் திருத்த வேண்டிய விதி எளிமையானது: பந்தின் மேல் அழுத்தம் இருந்தால் வரிசை ஏறலாம், அழுத்தம் விட்டுப்போன நொடியே ஐந்தாறு மீட்டர் இறங்க வேண்டும். தடுமாறும் அணியில் இந்த இறக்கம் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. மூன்று பேர் இறங்குவார்கள், ஓரத்தில் நிற்கும் ஒரு ஃபுல்பேக் கையைத் தூக்கி ஆஃப்சைடு கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பார்.

பின்தங்கியிருக்கும்போது ஸ்ட்ரைக்கரை இறக்கச் சொல்லிக் கத்துவது இன்னொரு தவறு. மேனேஜர்களும் இதற்குப் பணிந்துவிடுகிறார்கள். 65ஆம் நிமிடத்தில் ஒரு மிட்ஃபீல்டரை வெளியே எடுத்து ஸ்ட்ரைக்கரை உள்ளே விட்டால், முன்னால் நான்கு பேர், பின்னால் நான்கு பேர், நடுவில் இருவர். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 30, 35 மீட்டர் இருக்க வேண்டிய தூரம் 50, 55 ஆகிவிடும். பந்தை முன்னால் கொண்டுசேர்க்க ஆள் இல்லாமல் நீளமாக முன்னால் உதைப்பார்கள், தலையில் பட்டுச் சிதறும் பந்தை எடுக்க நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள். தாக்குதலுக்கு ஆள் கூடியும் வாய்ப்பு குறைவது இதனால்தான். சோர்ந்துபோன விங்கரை (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரரை) மாற்றிப் புதுக் காலை இறக்குவது பல நேரம் இதைவிடப் பலன் தரும்.

3-4-3, 4-2-3-1 என்று பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரை ஆட்களைக் கணக்கிடும் எண்களைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் அதிகம் பயன் இல்லை. பந்து கையில் இருக்கும்போது ஓர் உருவம், இழந்த பிறகு வேறோர் உருவம் என்றுதான் இன்றைய அணிகள் ஆடுகின்றன. கேட்க வேண்டியது, அந்த அமைப்புக்கு ஏற்ற ஆட்கள் இருக்கிறார்களா, பயிற்சிக்கு நாள் இருக்கிறதா என்பது. மான்செஸ்டர் யுனைடெட்டில் ரூபன் அமோரிம் 2024 நவம்பரில், சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேனேஜராக வந்து சேர்ந்தார். நான்கு பேர் பின்வரிசைக்கென்று வாங்கப்பட்ட அணியை மூன்று பேர் பின்வரிசைக்கு மாற்றினார். ஐரோப்பியப் போட்டியும் சேர்ந்துகொள்ள, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே பல வாரங்களில் மூன்று நாள்தான் கிடைத்தது. அதில் முதல் நாள் ஓய்வு, கடைசி நாள் லேசான பயிற்சி. புதுப் பழக்கம் பதிய நேரம் எங்கே? அந்த சீசனில் அணி 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடித்தது. முறை தவறா, அதைப் புகுத்திய நேரம் தவறா என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பொறுமையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய மேனேஜர் ஃபெர்குசனை இழுக்கிறார்கள். 1986 நவம்பரில் வந்தார், முதல் லீக் பட்டம் 1993இல்தான். உண்மை. ஆனால் அவகாசம் கொடுக்கப்பட்டு அணியைக் கீழ்நிலை லீக்குக்குத் தரமிறக்கிவிட்டுப் போனவர்களின் பெயரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஜெயித்த ஒருவரை மட்டும் காட்டி எல்லோருக்கும் ஆறு வருடம் கேட்பது சரியல்ல. இன்னும் நெருங்கிய உதாரணம் ஆர்செனல். 2021-22 சீசனின் முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்காமல் ஒன்பது வாங்கி, அட்டவணையின் அடியில் கிடந்தது. மேனேஜர் ஆர்ட்டெட்டாவை அனுப்பச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அந்த மூன்றில் கோவிட்டாலும் காயத்தாலும் முக்கியமானவர்கள் இல்லை, எதிரணிகளில் இரண்டு செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும். கோல்கீப்பர் ராம்ஸ்டேலும் பின்கள வீரர் டோமியாசுவும் அணிக்குள் வந்த பிறகு பின்களம் நிலைபெற்றது, அந்த ஆண்டு ஐந்தாம் இடம், அடுத்த ஆண்டு இரண்டாம் இடம். யார் ஆடினார்கள், யாரோடு ஆடினார்கள் என்று பாராமல் தோல்விகளை மட்டும் எண்ணுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: மாற்றினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பது. 2017இல் கிரிஸ்டல் பேலஸ் அணி மேனேஜர் ஃபிராங்க் டி போயரை நான்கே லீக் ஆட்டங்களில் அனுப்பியது. பின்னால் வந்த ராய் ஹாட்ஜ்சனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களும் ஒரு கோல்கூட அடிக்காத தோல்விகள். ஆனால் இறுதியில் 11ஆம் இடம். புது ஆள் வந்ததும் வரும் எழுச்சியில் ஒரு பகுதி, எப்படியும் வந்திருக்கக்கூடியது. அணி மிக மோசமாக இருக்கும்போதுதான் மேனேஜரை மாற்றுவார்கள், அங்கிருந்து மேலேதான் போக முடியும். மோசமான சரிவுக்குப் பிறகும் மேனேஜரை மாற்றாத அணிகளும் பெரும்பாலும் மீண்டெழுகின்றன.

அரங்கில் செய்யும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். பந்தைப் பின்னோக்கி அனுப்பினாலே ஊளையிடுவது. கோல்கீப்பருக்குப் பந்து போவது எதிரணியை முன்னால் இழுப்பதற்காக இருக்கலாம். சத்தம் கேட்ட 20 வயது சென்டர்பேக் அடுத்த முறை நீளமாக முன்னால் உதைக்கிறார், பந்து கைவிட்டுப் போகிறது. திட்ட வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்த பிறகு திட்டுங்கள், அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த ஆட்டத்தில் ஓர் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். பந்தை இழந்த உடனே முன்வரிசை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஐந்தாறு விநாடி மூவர் சேர்ந்து நெருக்குகிறார்களா, ஒருவர் மட்டும் ஓடி மற்றவர்கள் கையை விரித்து நிற்கிறார்களா? பிறகு சென்ற மாதம் எந்த மாதிரிக் கோல் விழுந்ததோ, அதே மாதிரி இன்றும் விழுகிறதா என்று பாருங்கள். விழும் கோல்களின் வகை மாறிக்கொண்டே வந்தால் யாரோ பயிற்சியில் உழைக்கிறார்கள் என்று பொருள். பத்து ஆட்டத்துக்குப் பின்னும் அதே கார்னரில், அதே தூரத்துக் கம்பத்தருகே, எதிரணியின் அதே வீரர் யாரும் மறிக்காமல் நின்றால், அப்போது மேனேஜரிடம் கேள்வி கேளுங்கள்.