மார்பகப் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் தேடுவது ‘ஸ்டேஜ்’ என்ற சொல்லைத்தான். பயாப்ஸி ரிப்போர்ட்டில் பெரும்பாலும் அது இருக்காது. நேராகக் கீழே, ஐஎச்சி என்று போட்டிருக்கும் பகுதிக்குப் போங்கள்.

நம் உடம்பில் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான். எது வேலை செய்கிறது, எவ்வளவு புரதம் தயாரிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இதுதான் மரபணு வெளிப்பாடு. புற்றுச் செல் எவ்வளவு மூர்க்கமாக வளரும் என்பதும் பெருமளவு இதைப் பொறுத்ததே. ஐஎச்சி அந்தப் புரதங்களுக்குச் சாயமேற்றிக் காட்டும் சோதனை.

முதலில் ஈஆர், பிஆர்; ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் இவை. நூற்றில் ஒரு செல்லின் உட்கருவாவது பழுப்பாகத் தெரிந்தால் பாசிட்டிவ். என் சித்தி அந்தச் சொல்லைப் பார்த்ததுமே அழுதுவிட்டார், ஆனால் இங்கே பாசிட்டிவ் என்பது நல்ல சேதி: ஈஆர் உள்ள செல் ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்கிறது, டமாக்சிஃபென் போன்ற மாத்திரையால் அந்த வழியை அடைக்கலாம். ஈஆர் 1 முதல் 10 சதவீதம்தான் என்றால், மாத்திரை எவ்வளவு பலன் தரும் என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஹெர்-2, இதை நிதானமாகப் பாருங்கள். 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு சில கட்டிகளில் பல நகல்களாகப் பெருகிவிடும்; செல்லின் மேற்பரப்பு முழுக்க ஹெர்-2 புரதம் நெருக்கியடிக்க, ‘வளர், பிரி’ என்ற கட்டளை ஓயாமல் உள்ளே போகும். 3+ என்றால் மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி அடர்பழுப்பு வளையம், மொத்தமாகப் பார்த்தால் கோழிவலை மாதிரி. ஹெர்-2 பெருகிய கட்டிகள் வேகமாகத் திரும்பி வரும் வகை என்று அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர் டென்னிஸ் ஸ்லாமன் குழு 1987-இல் காட்டியது, அப்புறம் 1998-இல் இதற்கென்றே டிராஸ்டுசுமாப் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 0, 1+ நெகட்டிவ். 2+ என்று வந்தால் முடிவே ஆகவில்லை என்று அர்த்தம், ஹெர்-2 மரபணு எத்தனை நகல் இருக்கிறது என்று எண்ணும் ஃபிஷ் சோதனை செய்யச் சொல்லுங்கள், அது வராமல் சிகிச்சைத் திட்டத்துக்குச் சரி சொல்லாதீர்கள்.

கேஐ-67 பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் சதவீதம். 5-க்குள் இருந்தால் மெதுவான கட்டி, 30-க்கு மேல் வேகமானது. நடுவில் உள்ள எண் லேபுக்கு லேப் மாறும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்றால் டிரிபிள் நெகட்டிவ். வேகமான வகைதான், ஹார்மோன் மாத்திரை பலிக்காது, ஆனால் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும் கட்டிகள் இதில் நிறைய உண்டு. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தைத் தேடும் பிஆர்சிஏ சோதனை பற்றி அவசியம் கேளுங்கள்.

ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நிணநீர்க் கணுவிலும் பரவவில்லை என்றால் நோய் திரும்பும் அபாயத்துக்கு மதிப்பெண் போடும் 21 மரபணுச் சோதனை பற்றி விசாரியுங்கள். 2018-இல் வெளிவந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களில் மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்தவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையே போதுமானதாக இருந்தது, கீமோ தேவைப்படவில்லை. விலை அதிகம், அதனால் எடுக்க முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கடைசியாக, லேபில் உங்கள் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறு டாக்டரிடம் காட்டுவதற்கும் இந்த மேல் சோதனைகளுக்கும் அதுதான் வேண்டும்.