வானத்துல தேள் புடிக்கிறது எப்படி? புதுசா பாக்குறவங்களுக்கு விருச்சிகம் செய்முறை

மிருகம் பேர் வச்ச நட்சத்திரக் கூட்டம் பாதி அந்த மிருகம் மாதிரியே இருக்காது, மேஷம்னு சொல்ற இடத்துல போய் ஆட்டைத் தேடினா மூணு நாலு புள்ளிதான் கிடைக்கும். அதனால முதல்ல விருச்சிகத்துல ஆரம்பிங்க. பாத்தா நிஜமாவே தேள்தான்.

ஸ்டெப் 1: நேரம்
ஜூன் கடைசி, ஜூலைல ராத்திரி 9, 10 மணிக்கு மொட்டை மாடியில தெற்கு பாத்து நில்லுங்க. மேகம் படுத்தும்னா மே மாசமே 11 மணிக்கு தென்கிழக்குல பாத்துடலாம். நம்ம ஊர்ல தலையிலேருந்து வால் வரைக்கும் முழுசா தெரியும், லண்டன்ல இருக்கிறவங்களுக்கு வால் நுனி அடிவானத்தைத் தாண்டி மேல வர்றதே பெரும்பாடு.

ஸ்டெப் 2: கேட்டை
நடுவுல சிவப்பா ஒன்னு பளிச்சுனு இருக்கும், அதுதான் நம்ம கேட்டை நட்சத்திரம், ஆப்ல அன்டாரிஸ்னு போட்டிருக்கும். கிரேக்கர்கள் இதை செவ்வாய்க்குப் போட்டின்னு சொல்லித்தான் அந்தப் பேரே வச்சாங்க, செவ்வாய் கிரகம் பக்கத்துல வர்ற வருஷம் நமக்கும் குழப்பம் வரும். மினுக்கினா கேட்டை, ஆடாம நின்னா செவ்வாய், அவ்ளோதான்.

ஸ்டெப் 3: வால்
கேட்டையிலேருந்து கீழ இடதுபக்கம் கொக்கி மாதிரி வளைஞ்சு போகும். நுனியில ஒட்டி ரெண்டு நட்சத்திரம், அதுதான் கொடுக்கு, மூலம் நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம்னு சொல்லி எத்தனை ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியிருக்காங்க, அந்தக் கூட்டத்தைக் கூட்டிட்டு வந்து ஒருதடவை இதைக் காட்டணும், அவ்ளோ அழகு. பைனாகுலர் இருந்தா கொடுக்குக்கு கொஞ்சம் இடதுபக்கம் பாருங்க, ஒரு நட்சத்திரக் கொத்து தெரியும், 2ஆம் நூற்றாண்டுலயே வானியல் அறிஞர் தாலமி வெறுங்கண்ணால பாத்து எழுதி வச்சது.

ஸ்டெப் 4: இடுக்கி எங்க?
இங்கதான் எல்லாரும் முழிப்பாங்க. கேட்டைக்கு வலதுபக்கம் வரிசையா மூணு நட்சத்திரம் இருக்கும் (அனுஷம்), படத்துல அதோட தேள் முடிஞ்சுடும், முன்னாடி இடுக்கியைக் காணோம், இது என்னடா மொட்டைத் தேள்னு தோணும். இடுக்கி இருக்கு, ஆனா அதுக்குப் பேர் இப்ப துலாம்!

கையை நீட்டி முஷ்டி மடக்குங்க, அது வானத்துல சுமார் 10 டிகிரி. அனுஷத்துலேருந்து ஒன்றரை, ரெண்டு முஷ்டி வலதுபக்கம் மேல போனா சுமாரான வெளிச்சத்துல ரெண்டு நட்சத்திரம் வரும், ஜுபெனெல்ஜெனுபி, ஜுபெனெஷ்சமாலி. வாயில நுழையாத பேர்தான், ஆனா அரபியில தெற்கு இடுக்கி, வடக்கு இடுக்கின்னுதான் அர்த்தம், அதாவது தராசுக்குள்ள இன்னமும் தேளோட கை ஒளிஞ்சிருக்கு. பாபிலோன்காரங்க அந்த இடத்துல தராசைத்தான் வச்சிருந்தாங்க, கிரேக்கர்கள் அதைத் தேளோட இடுக்கின்னு சேத்துக்கிட்டாங்க, தாலமி பட்டியல்லயும் அப்படித்தான், ரோமாக்காரங்க மறுபடி தராசைப் பிரபலமாக்கினாங்க. 1930ல சர்வதேச வானியல் சங்கம் 88 கூட்டத்துக்கும் எல்லைக்கோடு வெளியிட்டப்போ துலாம் தனி, விருச்சிகம் தனின்னு கோடு நிலைச்சுப் போச்சு. அந்த ரெண்டையும் சேத்துப் பாருங்க, தேள் சைஸே மாறிடும்.

ஸ்டெப் 5: ஆப்
ஸ்டெல்லேரியம் போதும், கம்ப்யூட்டர்ல ஃப்ரீ. மொபைல்ல போனை வானத்துக்கு நேரா தூக்கிக் காட்டுற ஆப்புங்க எனக்குப் பிடிக்காது, காம்பஸ் தப்பாக் காட்டும், ஸ்கிரீன் வெளிச்சத்துல கண்ணும் கூசும். ஸ்டெல்லேரியம்ல சி அழுத்தினா கோடு, ஆர் அழுத்தினா ஓவியம். செட்டிங்ஸ்ல வேற வேற நாட்டு வானத்தை மாத்திப் பாக்க ஒரு பகுதி இருக்கு, அதைத் தொடாம விட்டுடாதீங்க. பாபிலோன் போட்டாலும் அங்க தேள்தான், கிரேக்கர்களுக்கு ரொம்ப முன்னாடியே. ஹவாய்க்காரங்களுக்கு அது தேளே இல்ல, அவங்க புராணக்கதை நாயகன் மௌயி கடலுக்குள்ளேருந்து தீவுகளை இழுத்துத் தூக்கின தூண்டில் முள்ளு. வாலைப் பாத்துட்டு இதைக் கேட்டா ஆமால்லன்னு தோணும்.

அப்டேட் 1: மூலம் தனுசு ராசியாச்சே, நீங்க விருச்சிகத்துல காட்டுறீங்களேன்னு கமெண்ட் வந்துச்சு. ராசின்னா வட்டத்தை 30 டிகிரியா 12 சமத் துண்டு போட்டது, நட்சத்திரக் கூட்டம் அப்படி சமமா இருக்காது. தேள் வால் நீளம், அதனால நுனி அடுத்த துண்டுக்குள்ள போயிடுது. ரெண்டும் சரிதான்.

அப்டேட் 2: ஓரியன் கதை ஏன் எழுதலன்னு கேட்டிருந்தீங்க. ஓரியன் பெரிய வேட்டைக்காரன், பூமியில ஒரு மிருகத்தையும் விடாம கொன்னுடுவேன்னு பீத்திக்கிட்டான், பூமித்தாய் கையா கோபப்பட்டு ஒரு தேளை அனுப்பினா, அது கொட்டி செத்துட்டான் (வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் அனுப்பினதாவும் ஒரு கதை உண்டு). ரெண்டையும் வானத்துல எதிரெதிரா வச்சதால தேள் கிழக்க வந்தா அவன் மேற்க ஓடிடுவான்னு சொல்வாங்க. இது கிரேக்க நாட்டு வானத்துக்குச் சரி. நாம பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கோம், அதனால தேள் சீக்கிரமே ஏறிடும், ஏப்ரல் கடைசியில ராத்திரி 9.15 மணி வாக்குல ரெண்டு பக்கமும் மறைப்பு இல்லாத இடத்துல நின்னா மேற்க ஓரியனோட தோள்பட்டை திருவாதிரை இறங்கிட்டிருக்கும், கிழக்க கேட்டை ஏறியிருக்கும். ரெண்டும் சிவப்பு. பீச் வேணாம், அங்க ஒரு பக்கம்தான் அடிவானம் கிடைக்கும், ஏரிக்கரையோ வயல்வெளியோ பாத்துக்கோங்க.